அணு நூலும் சைவாசிரியர் கடமையும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்குந் தொழிலை மேற்கொண்ட ஆசிரியர்காள்,

உங்கள் வகுப்பிலே இருக்கும் பிள்ளை காலையிலே விபூதி தரித்துத் தேவாரம் ஓதுகின்றது. அடுத்த பாடவேளையிலே அப்பிள்ளைதானே அணுவையும் இலத்திரனையும் பற்றிக் கற்கின்றது. இவ்விரண்டினுக்கும் உள்ள சம்பந்தம் யாது என்று அது வினாவுமாயின், விடை கூறுதல் ஆசிரியர் கடன். அவ்விடை பொருந்தாததாயின், அதனால் வருங் கேடு ஒரு பாடத்தோடு நில்லாது. பிள்ளை பின்னாளிலே உண்மை அறியும்போது இரண்டு பாடங்களையும் ஒருங்கே ஐயுறும். ஆதலினால் இப்பொருளைச் சிறிது விரித்து ஆராய்தல் அவசியமாயிற்று.

இக்காலத்திலே சத்திச்சொட்டு விஞ்ஞானம் என்னும் நுண்ணணு நூலைச் சமயத்தோடு இணைத்து வழங்கும் கூற்றுக்கள் மூன்று. இலத்திரன் முதலியவற்றின் ஆட்டமே நடராசப் பெருமானுடைய திருக்கூத்து; இதனை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்பது ஒன்று. காண்பானுடைய மனமே காணப்படும் உலகைத் தோற்றுவிக்கின்றது என விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்பது இரண்டாவது. துணிக்கைகள் காரணமின்றி நிகழ்வன. ஆதலாற் கருத்தாவும் இல்லை, வினையும் இல்லை என்பது மூன்றாவது. முதலிரண்டும் நட்பினாற் கூறப்படுவன. மூன்றாவது பகையினாற் கூறப்படுவது. நட்புரை பகையுரை என்னும் வேறுபாடின்றி இம்மூன்றும் வழுவுடையன என்பதே யாம் இங்கே காட்டப் புகுந்தது. அதற்கு முன் அவ்விஞ்ஞானம் யாது கூறுகின்றது என்பதை உள்ளவாறு அறிதல் வேண்டும். பரபக்கத்தை அறியாது சுபக்கம் நாட்டுதல் நம் ஆசாரியர்கள் மரபன்று.

1897 ஆம் ஆண்டிலே, கேம்பிரிச்சு நகரிலே, ஜே. ஜே. தொம்சன் என்பவர் வாயு நீக்கிய கண்ணாடிக் குழாயினூடே மின்னைச் செலுத்தி, அங்கே தோன்றுங் கதிர்கள் எதிரேற்றமுடைய நுண்ணிய துணிக்கைகளே எனக் கண்டார். அத்துணிக்கை இலத்திரன் எனப்படும். 1909 ஆம் ஆண்டிலே, மான்செஸ்ரர் நகரிலே, இரதபோட்டு என்பவருடைய ஆய்வுசாலையிலே, மிக மெல்லிய பொற்றகட்டின்மீது அல்பாத் துணிக்கைகள் செலுத்தப்பட்டன. மிகப் பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன; மிகச் சில பின்னோக்கித் திரும்பின. இதனை ஆராய்ந்த இரதபோட்டு, அணுவின் திணிவு ஏறக்குறைய முழுதும் அதன் நடுவிலுள்ள கருவிலே அடங்கும் என 1911 இலே கூறினார். அக்கருவின் அகலம் அணுவின் அகலத்திலே பதினாயிரத்தில் ஒரு பங்கினுஞ் சிறியது.

இனி, ஒளியின் இயல்பைக் காண்போம். 1900 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 14 ஆந் திகதி, பேர்லின் நகரிலே, மாக்ஸ் பிளாங்க் என்பவர், சூடேறிய பொருள் வீசும் ஒளியின் கணக்கை விளக்குமிடத்து, சத்தியானது நீர்த்தாரை போல இடையறாது கொள்ளவுங் கொடுக்கவும் படுவதன்று, காசு போல எண்ணி எண்ணிக் கொள்ளவுங் கொடுக்கவும் படுவது என்று கொண்டார். அங்ஙனம் எண்ணப்படும் கூறு சத்திச்சொட்டு எனப்படும். ஒளியின் மீடிறனை ஒரு மாறிலியாற் பெருக்க வருவதே ஒரு சொட்டின் அளவு. அம்மாறிலி, 6.626 என்னும் எண்ணை, ஒன்றன்பின் 34 பூச்சியங்கள் நின்ற எண்ணால் வகுக்க வருவது. அலகு யூல் செக்கன். அது மிகச் சிறிதாதலினாலேயே, நம் கண்ணுக்குச் சத்தி இடையறாத ஒழுக்குப்போலத் தோன்றுகின்றது. 2019 ஆம் ஆண்டு முதலாகக் கிலோகிராம் என்னும் அளவும் இம்மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றது. இவ்விஞ்ஞானம் வெறுங் கற்பனையன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1905 இலே ஐன்ஸ்ரைன் என்பவர், ஒளிதானும் சொட்டுச் சொட்டாகவே உலோகத்தைத் தாக்குகின்றது என்றார். பல உலோகங்களிலே, மங்கிய ஊதா ஒளி பட்டவுடன் இலத்திரன் வெளிப்படுகின்றது. எத்துணைப் பிரகாசமான செவ்வொளி படினும் வெளிப்படுவதில்லை. மொத்த ஒளி மிகுந்திருப்பினும், ஒவ்வொரு சொட்டும் போதிய வலியுடையதன்றாயின் பயனில்லை என்பது இதன் விளக்கம். இதன் பொருட்டே 1921 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அலை எனக் கருதப்பட்ட ஒளி துணிக்கை போல ஒழுகுமாயின், துணிக்கை எனப்பட்ட இலத்திரனும் அலைபோல ஒழுகுமோ என்று லூயி டி புரோக்லி என்பவர் 1924 இலே வினாவினார். 1927 இலே டேவிசன், ஜேர்மர் என்னும் இருவர் நிக்கற் பளிங்கின்மேல் இலத்திரன்களைச் செலுத்தி, அவை அலைக்குரிய கோணலை உடையன எனக் கண்டனர். தொம்சனுடைய புதல்வராகிய ஜீ. பீ. தொம்சனும் அவ்வாண்டிலே வேறு வகையால் அதனையே கண்டனர். இலத்திரன் துணிக்கை என நிறுவிய தந்தை 1906 இலே நோபெல் பரிசு பெற்றார்; அது அலைபோல ஒழுகும் என நிறுவிய மைந்தர் 1937 இலே டேவிசனோடு அப்பரிசைப் பகிர்ந்தார். இருவர் கூற்றும் மெய்யே. இலத்திரன் மணலின் பருக்கையும் அன்று, நீரின் திரையும் அன்று. நம் வழக்கிலுள்ள இவ்விரண்டு சொற்களும் அதனை முற்றக் கூற மாட்டா என்பதே இதனாற் பெறப்பட்டது.

இதனைத் தெளிவிக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. இரண்டு வழிகளாற் செல்லத்தக்கதாக இலத்திரன்களை ஒவ்வொன்றாய் விடுத்து, அப்பாலுள்ள திரையிலே அவை படும் இடங்களைக் குறிப்பார்கள். இத்தாலி தேசத்துப் பொலொஞ்ஞா நகரிலே 1974 இலும், யப்பான் தேசத்திலே 1989 இலும் இது செய்து காட்டப்பட்டது. ஒவ்வோர் இலத்திரனும் ஒரு புள்ளியாகவே படும். முதலிலே புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஆயிரக்கணக்காகச் சேர்ந்தபின்போ, அலைகளின் தலையீட்டுக்கே உரிய வரிகள் திரையிலே தோன்றும். எவ்வழியாற் சென்றது என அறியும் கருவி ஒன்றை இடையிலே வைப்பின், அவ்வரிகள் இல்லாதொழியும்.

இவற்றையெல்லாம் கணிக்கும் முறையை ஐசன்பேர்க் 1925 இலும், சுரோடிங்கர் 1926 இலும் வகுத்தனர். அக்கணக்கு, இலத்திரன் இன்ன இடத்திலே படும் என்று கூறுவதன்று. இன்ன இடத்திலே படுதற்குரிய நிகழ்தகவு இத்துணை என்று கூறுவதே என மாக்ஸ் போர்ன் 1926 இலே விளக்கினார். துணிக்கையின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே எல்லையற்ற நுட்பத்தோடு வரையறுத்தல் இயலாது என ஐசன்பேர்க் 1927 இலே காட்டினார். இது கருவியின் குற்றத்தால் வருவதன்று. பொருளின் இயல்பாலே வருவது. இரேடியத்தின் செய்தியும் இத்தகையதே. ஒரு கிராம் இரேடியம் வைக்கப்பட்டால், ஏறக்குறைய 1600 ஆண்டிலே அதிற் பாதி அழிந்து வேறு மூலகமாகும். இது நிச்சயம். ஆயினும், குறித்த ஓர் அணு இன்றைக்கு அழியுமோ, பதினாயிரம் ஆண்டின்பின் அழியுமோ என்று எவராலுங் கூறல் இயலாது.

விஞ்ஞானங் கூறுவது இவ்வளவே. இனி, மேற்கூறிய மூன்று கூற்றுக்களையும் முறையே ஆராய்வாம்.

முதலாவது கூற்று, இலத்திரனின் ஆட்டமே சிவபிரான் திருக்கூத்து என்பது. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள் திருக்கூத்தின் பொருளை விளக்கி எழுதிய கட்டுரையைத் தாங்கிய நூல் 1918 இலே வெளிவந்தது. 1975 இலே பிரிற்யோப் கப்ரா என்னும் பௌதிக அறிஞர், துணிக்கைகள் தோன்றியும் மறைந்தும் வருதலை அத்திருக்கூத்தோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். 2004 இலே இந்திய அரசு, செனீவா நகரின் அருகேயுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்துக்கு நடராச வடிவம் ஒன்றை அளித்தது. அது அங்கே நிறுவப்பட்டிருக்கின்றது. இது கேட்டு நாம் மகிழலாம். ஆயின், அத்திருவுருவம் அங்கே நிற்றல் சைவத்துக்குப் பிரமாணமாகாது. ஒப்பு வேறு, நிறுவல் வேறு.

அன்றியும், அவ்வொப்புத்தானும் முற்றிலும் பொருந்துமோ எனப் பாருங்கள். திருக்கூத்து ஐந்தொழிலைக் காட்டுவது. துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையுங் குறிக்கும். இலத்திரனும் அதன் மறுதலையாகிய பொசித்திரனும் கூடி அழிந்து ஒளியாதலும், ஒளி மீண்டும் அவ்விரண்டாதலும் மெய்யே. இவற்றை முதல் மூன்று தொழிலோடு ஒருவாறு ஒப்பிடலாம். மறைத்தலும் அருளலும் எங்கே? அவ்விரண்டும் ஆன்மாவின் பொருட்டு நிகழ்வன. மலத்தாற் பிணிப்புண்ட உயிர் வினைப்போகங்களை நுகர்ந்து பக்குவமடைந்து திருவடி சேர்தற்கே கூத்து நிகழ்கின்றது. இலத்திரனோ சடம், அதற்கு மலமும் இல்லை, பக்குவமும் இல்லை, வீடும் இல்லை. ஆகவே இவ்வொப்பிலே விடுபட்டவை இரண்டு. அவ்விரண்டுமே திருக்கூத்தின் பயன். பயனை நீக்கி ஆட்டத்தை மாத்திரங் கொள்வது சைவத்தை உயர்த்துவதாகுமா?

அணு என்னுஞ் சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். நம் ஆகமங்களிலே அணு என்பது ஆன்மாவுக்கும் ஒரு பெயர். ஆணவத்தாற் சிறுமையுற்று நிற்றலின் அது அப்பெயர் பெற்றது. நியாய வைசேடிகர் பரமாணு என்பது வேறு. விஞ்ஞானிகள் அணு என்பது அதனினும் வேறு. சொல் ஒன்றாதல் கொண்டு பொருளும் ஒன்றெனக் கூறுவோர், நம் நூலையும் பிறர் நூலையும் ஒருங்கே பிழைபட உணர்ந்தவராவர்.

இரண்டாவது கூற்று, காண்பானுடைய மனமே உலகைத் தோற்றுவிக்கின்றது என்பது. வரிகள் மறைந்தது கருவி வைத்தமையால் அன்றோ, அக்கருவி மனிதன் காண்டற்காக வைக்கப்பட்டதன்றோ எனின், ஆராய்வாம். ஆய்வுசாலையைப் பூட்டி, மனிதர் யாவரும் நீங்கிய பின்னரும் கருவி தன் குறிப்பைப் பதித்துக்கொள்ளும். வரிகள் அப்பொழுதும் இல்லாதொழியும். கருவி இன்றி, வழியிலே வாயுவின் மூலக்கூறுகள் மிகுதியாக மோதினும் அவ்வாறே ஆகும். ஆகவே இங்கே காண்டல் என்பது பொருளோடு பொருள் தாக்குறுதலேயன்றி அறிவுடைய ஒருவன் நோக்குதல் அன்று. விக்னர் என்னும் பேரறிஞர் மனத்துக்கு இதிலே இடமுண்டு என 1961 இலே எழுதினார். பின்னர் அவரே அக்கருத்தைக் கைவிட்டார்.

விஞ்ஞானம் கிடக்க, இக்கூற்றுச் சித்தாந்தத்துக்கு உடன்பாடோ எனின், அன்று. உலகம் அறிவின் தோற்றமே என்பது விஞ்ஞானவாத பௌத்தர் கொள்கை. அது நம் ஆசாரியர்களால் மறுக்கப்பட்டது. மனம் மாயையின் காரியமாகிய ஓர் அந்தக்கரணம், சடம். சடமாகிய ஒன்று உலகைப் படைத்தல் யாங்ஙனம்? ஆன்மா படைக்கும் எனின், ஆன்மாவோ தனு கரண புவன போகங்களைச் சிவபிரான் கொடுக்கப் பெற்ற பின்னரே அறிவு விளங்கப் பெறுவது. உலகம் உயிருக்குக் கொடுக்கப்பட்டது, உயிராற் படைக்கப்பட்டதன்று. கொடுத்தவனை மறந்து, யானே செய்தேன் என்பதன்றோ ஆணவம்? ஆணவத்தின் கூற்றை விஞ்ஞானத்தின் பெயராற் சைவ மேடையிலே ஏற்றுதல் தகாது.

இதனோடு சார்ந்த பிறிதொன்றும் உண்டு. ஒருங்கு தோன்றிய இரண்டு துணிக்கைகள் மிகத் தொலைவிலே பிரிந்தும் அவற்றின் அளவுகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும். இதனை ஐன்ஸ்ரைன் முதலியோர் 1935 இலே தடையாக எழுப்பினர். பெல் என்பவர் 1964 இலே பரீட்சிக்கும் வழி காட்டினார். பரீட்சித்து நிறுவிய அஸ்பே, குளோசர், செயிலிங்கர் என்னும் மூவருக்கும் 2022 இலே நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதுகொண்டு எல்லா உயிரும் ஒன்றே என்பது நிறுவப்பட்டது எனச் சிலர் துணிவர். இரண்டு சடப்பொருள்களின் இயைபு, உயிர்கள் பல என்பதையோ ஒன்று என்பதையோ தொடுவதில்லை. இவ்வியைபு கொண்டு ஒரு சொல்லையேனும் ஒளியினும் விரைந்து அனுப்புதலும் இயலாது.

மூன்றாவது கூற்று, காரணமின்றி நிகழ்வன உண்டு, ஆதலாற் கருத்தா இல்லை என்பது. இதற்கு விடை கூறுவாம். இரேடியத்தின் அணு எப்பொழுது அழியும் என்பது முன்னறியப்படாததே. ஆயினும் அது அழியுங்கால் ரேடன் என்னும் வாயுவின் அணுவும் அல்பாத் துணிக்கையும் வரும். ஏற்றமுஞ் சத்தியும் கணக்கிலே சிறிதும் வழுவா. ஒன்றுமின்மையினின்று ஒரு பொருள் பிறந்ததாக இவ்விஞ்ஞானம் கூறியதில்லை. வெற்றிடத்திலே துணிக்கை தோன்றும் என்பாரும், அவ்வெற்றிடத்தைத் தனக்கெனச் சத்தியும் நியதியும் உடையதாகவே கொள்கின்றனர். மேலும், தனித்த நிகழ்ச்சிகளுக்குப் புலப்படாத காரணம் உண்டோ இன்றோ என்பதிலே விஞ்ஞானிகளுக்குள்ளே ஒருமைப்பாடு இல்லை. காரணம் உண்டெனக் கொண்டு இதே கணக்கை விளக்கும் முறையைப் போம் என்பவர் 1952 இலே வெளியிட்டனர்.

இவையன்றி, நம் சித்தாந்தம் பதியை நிறுவுவது நாள் குறிக்க இயலுமாறு கொண்டன்று. உலகம் அவயவப் பகுப்புடையது, தோன்றி நின்று ஒடுங்குவது, அறிவற்றது. அறிவற்ற ஒன்று உயிர்களின் பொருட்டுத் தானே தொழிற்படமாட்டாது. ஆதலின் அதற்கு நிமித்த காரணனாகிய ஒருவன் வேண்டும். மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணன். இவ்வனுமானத்தை மறுக்க விரும்புவோர் இதனையே எடுத்து மறுத்தல் வேண்டும். இரேடியத்தின் அரைவாழ்வைக் காட்டுதல் விடையாகாது. வினையோவெனின், உயிருக்கு இன்பதுன்பமாய் வருவது. சடத்தின் நிகழ்தகவு அதனை நாட்டுவதுமன்று, வீழ்த்துவதுமன்று.

இங்ஙனம் பகுத்தறியும் வன்மையை நமக்கு அளித்தது நம் அளவை நூலே. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிலே, பிறர் கூறும் அளவைகள் பத்தையும் எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றிலே அடங்கும் என்று காட்டினார். காண்டலுக்குரியதைக் காண்டலாலும், கருதலுக்குரியதைக் கருதலாலும், உரைக்குரியதை உரையாலும் அறிதல் முறை. கருவிக்கு அகப்படுவதெல்லாம் சுட்டறிவுக்கு உட்பட்டது. சுட்டறிவுக்கு உட்பட்டது அசத்து என்பது சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. சிவபிரானை இலத்திரனிலே கண்டோம் எனக் கூறுவோர், அவனைக் கருவிக்கு அகப்படும் பொருளாக்கி, தாம் அறியாமலே அசத்தின் வரிசையிலே வைக்கின்றனர். பாசஞானத்தால் அறியப்படாதவன், பதிஞானத்தால் அறியப்படுவான்.

நம் யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் இங்கே தகும். 1829 ஆம் ஆண்டிலே ஒரு சந்திரகிரகணத்தின் காலத்தைப் பற்றி, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணக்குக்கும் வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்பித்த தானியேல் பூவர் பாதிரியாருடைய கணக்குக்கும் வேறுபாடு காணப்பட்டது. பாதிரியார் கணக்கே நிகழ்ச்சியோடு பொருந்திற்று. அதுகொண்டு, பஞ்சாங்கம் பிழைத்தது, ஆதலாற் சைவமும் பிழைத்தது என்று மிஷன் சார்ந்தோர் பேசினர். அவ்வாதம் வழுவுடையது; கிரகண கணிதம் வேறு, முப்பொருளுண்மை வேறு. ஆயினும் இரண்டையும் ஒன்றாகப் பிணித்து வைத்திருந்த மனங்கள் அதனாற் கலங்கின. இன்றைக்கு நாம் சைவத்தை இலத்திரனோடு பிணிப்போமாயின், அதே கலக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே தேடி வைத்தவராவோம். அன்று பிணித்துக் காட்டியவர் பிறர். இன்று பிணிப்பவர் நாமேயாவோம். விஞ்ஞானம் தன் கொள்கையைத் திருத்திக்கொள்வது. அது அதற்குப் பெருமை. நாளைக்குத் திருத்தப்படத்தக்க ஒன்றன்மேல் நாம் திருக்கோயில் கட்டலாகாது.

ஆசிரியர்காள், இனி நீங்கள் செய்யத்தக்கவற்றைச் சொல்லுகின்றோம்.

விஞ்ஞான வேளையிலே விஞ்ஞானத்தை அதன் பிரமாணங்களோடு கற்பியுங்கள். இலத்திரன் கிரகம் போலக் கருவைச் சுற்றுகின்றது என்னும் படம் முதற்படியே. 1913 இலே போர் என்பவர் கொண்ட அப்பாதைகளுக்கு 1926 இன் பின் இடமில்லை என்பதை உயர்வகுப்பிலே தவறாது சொல்லுங்கள்.

சைவ வேளையிலே சைவத்தைச் சைவ நூல்களால் நிறுவுங்கள். விஞ்ஞானத்தினின்று ஓர் உதவி கொள்ளலாம். கண்ணாற் காணாததை யான் ஒப்பேன் என உலகாயதர் போலப் பேசும் மாணாக்கனுக்கு, இலத்திரனை ஒருவருங் கண்ணாற் கண்டிலர், அதன் குறிகளாற் கருதியே அறிந்தனர் என்று காட்டுங்கள். காண்டல் ஒன்றே அளவை அன்று என்பது அதனாற் பெறப்படும். அவ்வளவிலே நிறுத்துக; அதற்கு மேல் அந்த உதாரணம் செல்லாது.

அறியாததை வினாவும் பிள்ளைக்கு, அறியேன், ஆராய்ந்து சொல்வேன் என்று கூற நாணாதீர்கள். பிழையான விடையினால் வருஞ் சமயப் பெருமை நமக்கு வேண்டா. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது, சைவப் பிள்ளைகள் உலகக் கல்வியும் சமயக் கல்வியும் ஒருங்கே பெறுதற்பொருட்டு. ஒருங்கே பெறுதல் என்பது ஒன்றைப் பிறிதொன்றாக மயக்குதல் அன்று. மெய்யைச் சொல்லும் ஆசிரியரிடம் கற்ற பிள்ளை எந்தச் சருவகலாசாலைக்குச் செல்லினும் நெற்றியிலுள்ள விபூதியை அழிக்கக் காரணம் காணாது.

ஆதலால், வகுப்பிலே நுழையுமுன் ஸ்ரீபஞ்சாக்ஷரத்தைச் சிந்தித்து, கற்பிக்கும் பொருள் எதுவாயினும் அதனைப் பொய் கலவாது கற்பித்து, உங்கள் மாணாக்கர் இம்மைக் கல்வியும் மறுமைக் கல்வியும் குறைவின்றிப் பெற்று உய்யும்படி செய்யுங்கள். சிவபெருமான் திருவருள் உங்களுக்கும் அவர்களுக்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.